அடுப்பை எண்ணிய வருடம்

மறுபடியும் சென்சஸ் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை காகிதமே கிடையாதாம், எல்லாம் செல்போனில் முடிந்துவிடுமாம். என்னோடு வேலை பார்த்த சின்ன டீச்சர் ஒருத்தி போன வாரம் காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டு புலம்பினாள். "நீங்க ரிட்டயர் ஆகித் தப்பிச்சிட்டீங்க டீச்சர். எங்கள இந்த வெயில்ல தெருத் தெருவா அலைய விடப்போறாய்ங்க" என்றாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் கல்யாண வீட்டுக்கு என்னை மட்டும் கூப்பிடாமல் விட்ட மாதிரி இருந்தது.

மாமா இருந்திருந்தால் இந்நேரம் அந்தச் சின்ன டீச்சரை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லி, காபி கொடுத்து, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பார். மாமா என்றால் என் மாமனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை கணக்கெடுப்பு வந்ததோ அத்தனைக்கும் போனவர். மற்ற வாத்தியார்கள் டாக்டர் சர்ட்டிபிகேட் தேடிக்கொண்டிருக்கும்போது, இவர் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய் என் பேரைப் போட்டீர்களா என்று கேட்டுவிட்டு வருவாராம்.

நாங்கள் அப்போது இருந்தது பழங்காநத்தம் தாண்டித் திருநகர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில். மாமா இடம் வாங்கியபோது சுற்றிலும் வயலாம். பம்புசெட் சத்தத்தில்தான் தூங்கி எழுந்திருப்பார்களாம். நான் மருமகளாக வரும்போது வயலெல்லாம் பிளாட் கல்லாகியிருந்தது. அதற்குள் எங்கள் தெரு என்னென்னவோ ஆகிவிட்டது. முதலில் பஞ்சாயத்து. பிறகு வார்டு எல்லையை மாற்றினார்கள். பிறகு வார்டு நம்பரை மாற்றினார்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு என்று கொஞ்ச காலம் இருந்தது. அப்போது குப்பை வண்டிக்காரர் ஒரு பக்கத்துக் குப்பையை மட்டும் அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல் போவார். கடைசியில் எங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள்.

"நம்ம வீடு ஒரு இஞ்சு நகரல. ஊருதான் நகந்து நகந்து வந்து நம்ம வாசல்ல நிக்குது" என்பார் மாமா. எல்லாம் தலையை எண்ணுவதால் வருவது என்று அவருக்குத் தீர்மானம். ஆள் கூடினால் ஊர் பெரிதாகும், ஊர் பெரிதானால் வரி பெரிதாகும், வரி பெரிதானால் நீ ஏன் என்னை எண்ணினாய் என்று ஜனங்கள் வாத்தியாரைத்தான் திட்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த நாளிலிருந்து எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த வீட்டின் ஃபாரத்தில் முதல் வரியில் அவர் பெயர்தான் இருக்கும். குடும்பத் தலைவர். மாமியார் போய், பென்சன் வாங்கி, கண் ஆபரேஷன் முடிந்து, டிவி ரிமோட்கூடப் பேரப்பிள்ளைகள் கைக்குப் போன பிறகும் அந்த ஒரு வரி அவருடையது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனால் சென்சஸ் பேச்சு வந்தால் கழுத்து நிமிர்ந்துவிடும்.

அந்த வீட்டில் இரண்டு மகன்களின் குடும்பமும் சேர்ந்துதான் இருந்தோம். மூத்தவருக்கு வாய்த்தவள் என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். இளையவருக்கு வாய்த்தது நான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தேன், அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று, சொந்தக்காரர்கள் கூடத்தில் பந்தியாக உட்கார்ந்திருக்கும்போது, அக்கா வைத்த மட்டன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குதேக்கா" என்றேன். உப்பு அதிகம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"டீச்சரம்மா சமையலுக்கும் மார்க் போட ஆரம்பிச்சிட்டாக" என்று அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பொங்கலுக்குள் பின்பக்கத் தாழ்வாரத்தில் புது கேஸ் அடுப்பு ஏறிவிட்டது. அவர்கள் நால்வருக்கும் பின்னால் சமையல், எங்கள் மூன்று பேருக்கும் முன்னால். அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பைக்கில் சர்ச்சுக்குப் போவார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பி வருவார்கள், வந்ததும் ஒருத்தர் பின்னாலும் ஒருத்தர் முன்னாலும் பிரிந்து சாப்பிடப் போவார்கள். மாமாவுக்கு முறை வைத்தோம். நான் பகலில் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் மத்தியானச் சாப்பாடு அக்கா, ராத்திரி நான். யாராவது வந்து கேட்டால் மாமா, "அடுப்பு ஒண்ணுதான், ரெண்டு இடத்துல இருக்கு" என்று சமாளிப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கெடுப்பு வந்தது. எனக்குக் கொடுத்த தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று.

பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ஒரு கூரைக்குக் கீழே இருப்பதால் ஒரு குடும்பம் ஆகிவிடாது. சொந்தமா, பந்தமா என்பதும் கணக்கில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். அடுப்பு இரண்டென்றால் குடும்பம் இரண்டு, ஃபாரம் இரண்டு, தலைவர் இரண்டு. இதை அதிகாரி மைக்கில் சொல்லச் சொல்ல நான் எங்கள் வீட்டு அடுப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு என்றால் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஃபாரத்துக்குத் தலைவர், என் வீட்டுக்காரர் இன்னொன்றுக்கு. மாமா முதல் வரியிலிருந்து இறங்கி, யாரோ ஒரு மகனுக்குக் கீழே 'தந்தை' என்று போவார். எந்த மகனுக்குக் கீழே என்பது அடுத்த சண்டை. ஒரு ஆளை ஒரு தடவைதான் எழுத முடியும்.

மாமாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவரே எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்வி. ஆனால் நான் பையும் அடையாள அட்டையுமாகக் கிளம்பும்போதெல்லாம், "இன்னிக்கு எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்பார். எங்கள் தெரு என்று நான் சொல்லாததில் அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்து நாலு மணி வெயிலில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவேன். மோர் கொடுப்பார்கள், நன்னாரி சர்பத் கொடுப்பார்கள், நாயை அவிழ்த்துவிடவும் செய்வார்கள். வயசு கேட்டால் பாதிப் பேர் என்னையே பார்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தெருக்கோடியில் தலைமுறை தலைமுறையாக வெள்ளாமை பார்த்த ஒரு குடும்பம், அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே காம்பவுண்டுக்குள். மூத்தவர் நெஞ்சை நிமிர்த்தி, "நாங்க ஒண்ணுதான் டீச்சர், ஒரே குடும்பம்" என்றார். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தால் மூன்று கொட்டகையிலிருந்தும் மூன்று வாசனை வருகிறது. "அப்பறம் ஏண்ணே ஒரு வீட்ல கருவாடு, ஒரு வீட்ல சாம்பாரு?" என்று கேட்டேன். மனுஷர் அசடு வழிந்தார். மூன்று ஃபாரம் எழுதிவிட்டு ராணி மாதிரி நடந்து வந்தேன். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அந்த நடை இல்லை.

தெரு முழுவதும் முடிந்து எங்கள் வீடு மட்டும் பாக்கி நின்றது. ஒரு சனிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், வெளியே இருந்து உள்ளே வந்தேன். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"வாங்க" என்றார், யாரோ அதிகாரி வந்த மாதிரி. நான் வணக்கம் சொல்லி, நான் யார் என்று சொல்லி, சமையல் ஒன்றா, தனியா என்று கேட்டேன்.

"அத எங்கிட்டக் கேக்காத" என்றார். "எனக்கு வேண்டிய பதிலத்தான் நான் சொல்லுவேன். போயி அடுப்பப் பாத்துட்டு வந்து எழுது."

பின்பக்கம் போனேன். அக்கா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உலை கொதித்தது. பொங்கலிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது கிடையாது.

"வணக்கம். சென்சஸ்லேருந்து வந்திருக்கேன்" என்றேன்.

"எங்கேருந்து, முன் ரூம்லேருந்தா?" என்றாள் திரும்பாமலே.

"உங்க சமையல் தனியா, சேந்தா?"

"ஏன், டீச்சரம்மாவுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். கேட்டுத்தான் எழுதணும்."

"அப்பக் கேட்டுக்க. தனி."

நான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. "தனின்னா ரெண்டு ஃபாரம். மாமாவ எதுல எழுத?" என்றேன்.

"மத்தியானம் எங்கிட்டத்தான சாப்பிடுறாரு?"

"ராத்திரி எங்கிட்ட."

"அப்பப் பாதிப் பாதியா எழுது."

"ஆளப் பாதியா எழுத முடியாதுக்கா."

அக்கா என்ற சொல் என்னைக் கேட்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எதுல எழுதுனாலும் தலைவர்னு அவரு பேருதான வரும்?" என்று கேட்டாள்.

"வராது. தலைவரோட அப்பான்னு வரும்."

வெங்காயம் கருக ஆரம்பித்ததும் அக்கா அடுப்பை அணைத்தாள். "ஒண்ணுன்னு எழுதிரு" என்றாள்.

"பொய் எழுத மாட்டேன்."

"பொய் எழுதச் சொல்லி யாரு இங்க ஒன் கால்ல விழுந்தா? வழிய விடு." உலைப்பானையைக் கரித்துணியால் பிடித்துத் தூக்கினாள். என்னைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மாமாவைத் தாண்டி நடந்து போய் என் சமையலறைக்குள் நுழைந்தாள். என் ரசத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பக்கத்து பர்னரில் தன் பானையை வைத்துப் பற்றவைத்தாள். "இப்ப எழுது" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனா மூடியைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"எழுதாத" என்றார் மாமா.

"ஏன் மாமா?" என்றேன்.

"வழக்கமா ஒரே சமையல்ல சாப்பிடுறவுகன்னுதான கையேட்டுல போட்டிருக்கு? ஒரு நாளு பானையத் தூக்கி வச்சா அது வழக்கமா?"

வந்த கோபத்தில் அட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிடலாமா என்றிருந்தது. யாருக்காக இத்தனையும்? இவருக்காக. இவரே குறுக்கே நிற்கிறார். வாத்தியார் புத்தி என்பது இதுதான். நான் வாயைத் திறக்கும் முன் சமையலறை வாசலிலிருந்து அக்கா கேட்டாள். "வழக்கம்னா எம்புட்டு நாளு மாமா?"

மாமா யோசித்தார். "அத எழுதுனவன் சொல்லலையே" என்றார்.

"அப்ப இவளக் கடைசி நாள்ல எழுதச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒண்ணா ஆக்குறோம்."

அப்படித்தான் நாங்கள் சேர்ந்து சமைக்க ஆரம்பித்தோம். பாசத்தில் இல்லை, அரசாங்கம் வைத்த கெடுவுக்காக. முதல் நாள் குழம்பில் உப்பு யார் போடுவது என்று வந்தது. "நீயே போடு, அப்பறம் கரிக்குதும்ப" என்றாள் அவள். "நான் போட்டா மார்க் போடுறேன்னு சொல்லுவீங்க" என்றேன் நான். கடைசியில் யாருமே போடவில்லை. அண்ணனும் தம்பியும் உப்பில்லாத குழம்பை மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். மாமா மட்டும் உப்பு ஜாடியைக் கேட்டு வாங்கி இலை ஓரத்தில் கொட்டிக்கொண்டு, "இது நல்ல ஏற்பாடு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஆனாலும் பயம் போகவில்லை. மாமா காலையில் நடக்கப் போகிற சாக்கில் பின்பக்கம் போய் அந்த அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவார். முதல் வரி தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் மறைத்துக்கொண்டிருந்த லட்சணம் அதுதான்.

முடிகிற நேரத்தில் ஒரு நாள் காலை, சட்னிக்குத் தேங்காய் வைப்பதா, பொட்டுக்கடலை வைப்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். அக்கா சட்டென்று கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். லைட்டர் சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றிக்கொண்ட சத்தமும் கேட்டது. மாமா பேப்பரைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அத்தனை நாளும் வீணாய்ப் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு பேரும் பின்னால் போய்ப் பார்த்தால் அடுப்பில் பெரிய அண்டா.

"என்ன ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீக? வெந்நீர்தான். இன்னிக்குக் குளிரா இருக்கு, மாமா குளிக்கணும்ல" என்றாள்.

"வெந்நீர் சமையல்ல சேருமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "சேராது" என்றார். பிறகு போய்க் குளித்தார்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமா அன்றைக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை. நான் ஃபாரத்தை மடியில் விரித்துக்கொண்டேன். கேட்க என்ன இருக்கிறது என்று முதல் வரியில் மாமாவின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன்.

"கேட்டுட்டு எழுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு. "சரி. குடும்பத் தலைவர் பேர் என்ன?"

"ஒங்க அக்கா பேர எழுது."

"நீங்க இருக்கும்போது எப்பிடிப்பா?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"வீட்ல இருக்கவுக யாரத் தலைவர்னு சொல்றாகளோ அவுகதான் தலைவர். ஆம்பளையா இருக்கணும்னு போட்டிருக்கா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"இல்ல."

"வயசுல மூத்தவுகளா இருக்கணும்னு?"

"இல்ல மாமா."

"அடுப்ப வச்சுத்தான குடும்பம்? ரெண்டா இருந்தத ஒண்ணாக்குனது அவதான? அவ பேரப் போடு."

எத்தனை வருடமாகக் கட்டிக் காத்த இடம். அத்தனை நாளும் விடியற்காலையில் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தது அதற்காகத்தான். கைக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்குப் பொறாமையும் வந்தது, பொய் சொல்லவில்லை. பக்கத்து பர்னரை விட்டுக்கொடுத்தது நான்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு எழுதினேன். முதல் வரியில் அக்காவின் பெயர். அவள் பெயருக்கு எதிரே, தலைவர். அடுத்து அவள் வீட்டுக்காரர், கணவர் என்று. மகள், மகன். அதற்குக் கீழே மாமா, மாமனார் என்று. பிறகு என் வீட்டுக்காரர், கணவரின் தம்பி. அதற்கும் கீழே என் பெயரை என் கையாலேயே எழுதி, எதிரே ஓரகத்தி என்று போட்டேன். என் மகளை எழுதி முடித்தேன். மாமா வாங்கிப் பார்த்து, தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, "சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபாரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "ரேஷன் கார்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எம்பேரு ஆருக்காவது அடியிலதான் வந்திருக்கு. இம்புட்டு மேல வந்ததே இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எங்க இருக்க?" என்று கேட்டாள்.

விரல் வைத்துக் காட்டினேன். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏண்டி இம்புட்டுக் கீழ?" என்றாள். "எம்பேருக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கக் கூடாதா?"